விரலால் சலித்த சோறு

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது பொழுது விழுந்த பிறகுதான். நான் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரி பக்ருன்னிசா, சரக்குக் கிட்டங்கியிலிருந்து புகையிலைக் கட்டு வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து காம்பு கிழித்துக் கொடுப்பாள். பொழுது சாயும் முன் கட்டைத் திருப்பிச் சேர்த்தால்தான் மறுநாளைக்குக் கட்டு கிடைக்கும். சேர்த்துவிட்டு, வரும் வழியில் அரிசியும் கீரையும் வாங்கி வந்து உலை வைப்பாள். நான் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றி உடம்பிலுள்ள சுண்ணாம்பு நாற்றத்தைக் கழுவிவிட்டு வரவும், அவள் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். நடுவில் சிம்னி விளக்கு, சுற்றி நாங்கள் நாலு பேர். காலையில் பழைய சோறும் வெங்காயமும். மத்தியானம், மிச்சம் இருந்தால் அதே. ஆக, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று நாக்கில் படுவது அந்த ராத்திரிச் சோற்றோடுதான். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இப்படித்தான்.

அந்தச் சோற்றைத்தான் எங்கள் மகள் நர்கீஸ் தின்ன மாட்டேன் என்றாள்.

அவளுக்கு அப்போது அஞ்சு வயது. மூத்தவன் அப்பாஸ் எதைப் போட்டாலும் தின்றுவிட்டு, தட்டைத் துடைத்த விரலையும் நக்குவான். இவள் அப்படி இல்லை. தட்டை மடியோரமாக இழுத்து வைத்துக்கொள்வாள். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். கீரையோ கத்திரிக்காயோ பருப்போ விரலில் தட்டுப்பட்டால் எடுத்துத் தட்டுக்கு வெளியே போட்டுவிடுவாள். எல்லாம் போன பிறகு வெறும் சோற்றில் நாலு வாய். அதோடு சரி.

"ஏன்டி, சோத்துல கல்லா கெடக்கு? சல்லடையாட்டம் சலிக்கிற" என்பாள் பக்ருன்னிசா.

"அவ நவாப்பு பேத்திம்மா. மலைக்கோட்டையில கொண்டுபோயி விடு, பிரியாணி போடுவாக" என்பான் அப்பாஸ்.

"ஏலே, வாய மூடிக்கிட்டுத் தின்னு."

பிள்ளை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. அம்மை குத்த வந்த நர்ஸம்மா அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குத்துறதுக்குச் சதையே இல்லையேம்மா. கீரை, காய், ஈரல்னு குடுங்க. இப்படியே விட்டா தேறாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தேறாது என்ற அந்தச் சொல் பக்ருன்னிசாவைப் பிடித்துக்கொண்டது. புகையிலைக் காம்பைக் கிழிக்கும்போதுகூட அதையே முணுமுணுத்தாள்.

கெஞ்சிப் பார்த்தாள். கதை சொல்லிப் பார்த்தாள். மயில் இறகு பக்கிரிஷா வருகிறார் என்று பயம் காட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் முருங்கைக் கீரையை வேகவைத்து அம்மியில் மையாக அரைத்து, பருப்பில் கரைத்து, சோற்றோடு பிசைந்து வைத்தாள். விரலுக்கு ஒன்றும் அகப்படாது என்பது அவள் கணக்கு. விரலுக்கு அகப்படவில்லைதான். ஒரு வாய் வைத்ததும் நர்கீஸ் துப்பிவிட்டாள்.

"இதுல என்னம்மா போட்ட?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பருப்புதான்."

"பொய்."

அன்றிலிருந்து வெறும் சோற்றின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. தட்டை வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள். அம்மாக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"விடு பக்ரு. பசிச்சா தானா திம்பா" என்றேன்.

"பசிச்சுத்தானேங்க இம்புட்டு நாளாக் கெடக்கு! பசின்னு ஒண்ணு அவளுக்குத் தெரியலேன்னா நெனைக்கிறீக?"

நர்கீஸ் தள்ளிவிட்ட தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

இது ஐம்பத்தொன்பதாம் வருடம். அந்தப் பங்குனியில் ரமலான் வந்தது. பிறை பார்க்கத் தெருவே மேற்கே பார்த்து நின்றது. நான் நர்கீஸைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் என் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொழுது மங்கினால் எப்போதும் யாரையாவது இப்படிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை என்று நினைத்திருந்தோம்.

"தெரியுதா கண்ணு? அந்தா, பனமரத்துக்கு மேல."

"தெரியுது அத்தா" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். அவள் முகம் தெற்கே இருந்தது. விளையாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் மேஸ்திரி ரஹ்மத்துல்லா பாய் நோன்பாளிகளைப் பிற்பகல் அஸர் தொழுகைக்கே விட்டுவிடுவார். "குழியில மயங்கி விழுந்தீகன்னா தோலோட சேத்து ஊறப் போட்டுருவேன். போங்கப்பா, போய்ச் சேருங்க" என்பார். அதனால்தான் அந்த நாட்களில் நான் வெயில் இருக்கும்போதே வீட்டுப் பக்கம் வர முடிந்தது. அப்படி வந்த முதல் நாளே பள்ளிவாசல் சுவரோரம் என் மகளைப் பார்த்தேன்.

அஸர் முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். வீட்டுக்கு வாங்கிப் போகத் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கும். நோன்பு இல்லாத சின்னஞ்சிறுசுகள் அங்கேயே உட்கார்ந்து குடித்துவிடும். அப்பாஸ் வரிசையில் நின்றான். நர்கீஸ் சுவரில் சாய்ந்து, ஈயம் பூசிய கிண்ணத்தை முழங்கால் நடுவில் வைத்திருந்தாள். குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். நடுவில் இரண்டு விரலால் எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். புதினா இலை. அடுத்தது மல்லித் தழை. அதுவும் உள்ளே போனது.

நான் பக்கத்தில் குந்தினேன்.

"என்ன கண்ணு திங்கிற?"

"எல."

"பச்சையா இருக்கு. கீரை மாதிரி. வீட்டுல கீரைன்னா வேணாம்பியே?"

"இதுதான் தெரியுதே அத்தா" என்றாள், கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ராத்திரி சோத்துல என்னா கெடக்குன்னு தெரியாது. அன்னைக்கு மொளகாயக் கடிச்சுப்புட்டேன். பெறகு ஒருநா மீன் முள்ளு."

"வெளக்கு இருக்கேடா கண்ணு?"

"வெளக்கு தெரியும். சோறு தெரியாது."

சொல்லிவிட்டு அவள் கஞ்சியை உறிஞ்சினாள். நான் எழுந்திருக்க மறந்து அப்படியே குந்தியிருந்தேன்.

அன்று நோன்பு திறக்கிற நேரம். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தேன். விளக்கு ஏற்றியாயிற்று. இன்னொரு பழத்தை எடுத்து, "இந்தா நர்கீஸ்" என்று நீட்டினேன். அவள் கையையே பார்த்தேன். அவள் கை என் கைக்கு நேராக வரவில்லை. ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. பிறகு என் முழங்கையில் பட்டு, அங்கிருந்து தடவிக்கொண்டே வந்து பழத்தைக் கண்டுபிடித்தது. வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

பக்ருன்னிசா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க இது?"

நான் சுவரோரம் கேட்டதைச் சொன்னேன். அவள் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கண்ணிலும் மாறி மாறி முத்தமிட்டாள். "சலிக்கிற சலிக்கிறன்னு வஞ்சேனே. எம்புள்ள தடவிப் பாத்துல்ல தின்னுருக்கு."

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கண்ணின் இமையை விரித்துப் பார்த்தார். வெள்ளைவிழி வறண்டு, சாம்பல் பூத்தது போல் இருப்பதைக் காட்டினார். மாலைக்கண் என்றார். சாப்பாட்டில் சத்து இல்லாமல் வருவது, இப்போதே கவனித்தால் சரியாகும், விட்டால் பகலிலும் பார்வை போய்விடும் என்றார். மீன் எண்ணெய் ஒரு சீசாவில் கொடுத்தார். கீரை, ஈரல், பரங்கிக்காய், பப்பாளி, எது கிடைத்தாலும் தினமும் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது நான் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தேன். கூட வந்த பக்ருன்னிசா, வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"கீரை திங்காததுனால கண்ணு தெரியல. கண்ணு தெரியாததுனால கீரை திங்கல. இது எங்கிட்டுங்க போயி முடியும்?"

"பகல்ல போட்டுப் பாப்போம்."

"பகல்ல எப்பங்க நான் அடுப்பு மூட்டியிருக்கேன்?"

கேட்டவளே மூட்டினாள். அன்றிலிருந்து அரைக் கட்டுப் புகையிலைதான் வாங்கி வந்தாள். கிட்டங்கியில் மூஞ்சியைக் காட்டினார்களாம். "காட்டட்டும், மூஞ்சிதானே" என்றாள். நடுப்பகல் லுஹர் தொழுததும் அடுப்பு. வெயில் வாசல்வழியாக உள்ளே விழுகிற இடத்தில் நர்கீஸுக்குப் பாய்.

வெளிச்சம் வந்துவிட்டதும் பிள்ளை எல்லாவற்றையும் அள்ளித் தின்றுவிடவில்லை. முருங்கைக் கீரையை அரைத்து ஏமாற்றியதை அவள் மறக்கவில்லை. தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள். பக்ருன்னிசா நோன்போடு அடுப்படியில் நின்றவள், களைத்துப்போய் உட்கார்ந்தாள். பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது.

"நர்கீஸு, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணுவியா? அம்மா நோன்பு வச்சிருக்கேன். நாக்குல வச்சு உப்புப் பாக்க முடியாது. அத்தாவும் நோன்பு, பாக்கச் சொல்ல முடியாது. நீ பாத்துச் சொல்லேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா? உங்கண்ணனுக்கு எதைப் போட்டாலும் ருசிதான். உப்பில்லாமப் போச்சுன்னா அத்தா பாவம்ல."

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. அகப்பையிலிருந்து கையில் விட்ட கீரையை உற்றுப் பார்த்தாள். ஒரு இலையைத் தனியாக எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"செத்த உப்புப் போடு."

போட்டாள்.

"இப்ப?"

இன்னொரு வாய். "காரம் கொஞ்சம் கூடிப்போச்சு. பரவாயில்ல."

தினமும் இப்படி நடந்தது. சில நாள் பக்ருன்னிசா வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டு மூன்று தடவை பார்க்கச் சொல்வாள். உப்புப் பார்த்தே ஒரு அகப்பை கீரை உள்ளே போய்விடும். தெருவில் யார் கேட்டாலும் நர்கீஸ், "எங்க வீட்டுல நான்தான் உப்புப் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டாள்.

கறிக்கடையிலிருந்து நான் ஈரல் வாங்கி வந்தேன். தணலில் சுட்டு மிளகுத் தூள் தூவினாள் பக்ருன்னிசா.

"கறுப்பா இருக்கு."

"கறுப்பா இருந்தா என்ன, நம்ம அத்தா கறுப்பு இல்லையா?" என்றான் அப்பாஸ். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மயங்கி விழுகிறவன் போலப் பாயில் சாய்ந்தான். "யம்மா, என்னா ருசி! அவளுக்கு வேணாம், எனக்கே குடு." பகலில் கண் தெரிகிற பிள்ளை, அண்ணன் வாய்க்குப் போன துண்டையும் பார்த்தாள், தட்டில் மிச்சம் இருந்ததையும் பார்த்தாள். சட்டென்று ஒன்றை எடுத்துக்கொண்டாள். மீன் எண்ணெய்க்கு மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அவளைத் துரத்திப் பிடிப்பது அப்பாஸ் வேலை. பரங்கிக்காய்தான் ஒரேயடியாக நடக்கவில்லை.

"உப்புப் பாரு கண்ணு."

"உப்பு இருக்கு."

"வாயில வைக்காமயே எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது. இது கண்ணு தெரிஞ்சே வேணாம்மா."

நோன்பு கடைசிக்கு வந்துவிட்டது. ஒரு நாள் பொழுது விழுந்து மஃரிப் தொழுதுவிட்டு நாலு பேரும் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நர்கீஸ் பகலிலேயே தின்றிருந்தாள். ஆனாலும் எங்களோடு உட்கார்வேன் என்று அவளும் ஒரு கை சோறு வாங்கி வைத்திருந்தாள். முருங்கைக் கீரை, பரங்கிக்காய்க் கூட்டு. எனக்கு அன்று குழியில் வேலை அதிகம். கண் சொருகிக்கொண்டு வந்தது. தட்டைப் பார்க்காமல் பிசைந்துகொண்டிருந்தேன்.

என் தட்டுக்குள் ஒரு சின்னக் கை நேராக வந்தது. தடவவில்லை. இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தது.

"காம்பு கெடக்கு அத்தா. பாத்துத் தின்னுங்க."

குனிந்து பார்த்தேன். முருங்கை ஈர்க்கு. துடைப்பக் குச்சியை விட மெல்லிசு.

"நாள் முழுக்கக் காம்பு கிழிக்கிறவ நானு. என் கீரையில காம்பு நின்னுச்சுன்னு சொல்றியா நீ?" என்று ஆரம்பித்த பக்ருன்னிசா பாதியில் நிறுத்திவிட்டாள். விளக்கைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது.

அப்பாஸ் தன் கையைத் தூக்கினான். "ஏ நர்கீஸு, இது எத்தனை?"

"மூணு. உங்கையில சோறு ஒட்டியிருக்கு, கழுவு."

பக்ருன்னிசா சிரித்தாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நர்கீஸுக்கு இதெல்லாம் என்னவென்று புரியவில்லை. அவள் தன் தட்டைக் குனிந்து பார்த்தாள். மூலையில் ஒதுங்கிக் கிடந்த பரங்கிக்காய்த் துண்டை நேராக எடுத்தாள். விளக்குக்கு மேலாகக் கையை நீட்டி, என் தட்டில், சோற்றின் நடுவில் வைத்தாள்.

"இதையும் நீங்களே தின்னுங்க."

பக்ருன்னிசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அந்தப் பரங்கிக்காயை எடுத்து வாயில் போட்டு மென்றேன். உப்பு சரியாக இருந்தது.