கல்யாண வீட்டில் எட்டுத் தலைகள்

சூஸ் நகரத்தில் பெண்களுக்கான முடியலங்காரக் கடை வைத்திருந்த ஹனியா, பிறந்த ஊரான ஐன் ஸர்காவுக்குப் பதினேழு வருஷத்தில் இரண்டே தடவைதான் போயிருந்தாள். இரண்டும் சாவுக்கு. இரண்டு தடவையும் காலையில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிட்டாள்.

அந்த ஊர்மேல் அவளுக்குக் கோபம். இருபத்து மூன்று வயதில், நிச்சயித்த மாப்பிள்ளை வேண்டாமென்று அவள் சொன்னதை மலையடிவாரத்து அத்தனை வீடும் வாரக்கணக்கில் மென்றது. அவள் ரொட்டி சுடப் போனால் ஊர்ப் பொது அடுப்படியில் பேச்சு சட்டென்று நிற்கும். அது தாங்காமல்தான் பஸ் ஏறினாள்.

அண்ணன் மகள் லுப்னாவின் கல்யாணத்தை மட்டும் தட்ட முடியவில்லை. மூன்று நாள் தங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்த அன்றே, டவுனிலிருந்து வரவேண்டிய அலங்காரக்காரிக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. அண்ணி வாய்திறந்து கேட்கவில்லை. ஹனியாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹனியா பையிலிருந்து சீப்பையும் கத்தரியையும் எடுத்தாள்.

லுப்னாவுக்கு முடிப்பதற்குள் கதவருகே ஆறு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். எட்டாவதாக வந்து உட்கார்ந்தவள் மஹ்பூபா, அன்று ஹனியா வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளையின் தாய். அறையில் பேச்சு நின்றது. அவள் முக்காட்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"என் பையன வேண்டாம்னு தள்ளின கைதானே இது? முடியாவது ஒழுங்கா வெட்டுதா, பாப்போம்."

ஹனியாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் சீப்பு நிற்கவில்லை. "அவர் எப்படி இருக்கார், அத்தை?"

"நாலு பிள்ளை. தலை சுத்த வழுக்கை."

"அப்ப அந்த வீட்ல எனக்கு வேலையே இருந்திருக்காது."

முதலில் சிரித்தது மஹ்பூபாதான். தோள் குலுங்கியதில் கத்தரி கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் கேள்விகள் கொட்டின. ஏன் ஒரே பிள்ளை, புருஷன் சமைப்பானாமே, ஏன் இப்படி இளைத்துப்போனாய். சிலவற்றுக்குப் பதில் சொன்னாள், சிலவற்றை மழுப்பினாள், சிலவற்றைக் கேட்டவள் பக்கமே திருப்பிவிட்டாள். முன்பு முள்ளாய்க் குத்திய அதே வாய்கள்தான். இப்போது குத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப்போக வேன் இருக்கிறது என்ற தைரியமும் அதற்குப் பாதிக் காரணம் என்று அவளுக்கே தெரிந்தது. சூஸில் மாடிவீட்டுக்காரிக்கு இவள் பெயர்கூடத் தெரியாது. அதுவும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டும் பிடிக்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மூன்று நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள், கும்மாளமாக ஆடினாள்.

ஞாயிறு காலை அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு வேன் வரை வந்தான். இனி எப்போது வருவாய் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பெருநாளைக்கு வர்றேன், அண்ணா. ரெண்டு நாள்தான். மூணாவது நாள் எனக்கு மூச்சு முட்டிடும்."

"இங்கேயே கிடக்கிற எனக்கே முட்டுது," என்றான் அண்ணன்.

வேன் கிளம்பியது. மலை முடிவதற்குள் ஹனியா நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.