உலை அறைக் கணினி

சிடியை மூன்றாவது முறையாக உள்ளே தள்ளிவிட்டு அவள் கணினியைத் திரும்ப ஓடவிட்டாள். டிரைவ் ஒருமுறை உறுமியது, கொஞ்சம் சுற்றியது, பிறகு மூச்சை விட்டது. கறுப்புத் திரையில் அதே வெள்ளை வரி வந்து நின்றது. கிளம்புவதற்கு இதில் ஒன்றும் இல்லை, வேறு வட்டைப் போடு.

"அதேதான் சொல்லுதா?" என்றார் உலைக்காரர்.

"அதேதான்."

மின்மயானத்தின் உலையை ஓட்டுகிறவர் அவர். காலையில் உலையை இயக்கும் கணினி படுத்துவிட்டது. கம்பெனியில் கேட்டதற்கு, பழைய சிஸ்டம் கெட்டுப்போயிருக்கும், கொடுத்திருக்கிற சிடியை வைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், உலையின் புரோகிராமும் அதிலேயே இருக்கிறது, ஆள் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சிடியோ கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் அவளும் தம்பியும் அப்பாவைக் கொண்டு வந்து இறக்கினார்கள்.

"எங்க அக்காவுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுங்க" என்று தம்பி வாயை விட்டுவிட்டான்.

பொய்யில்லை. அவள் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவள். ஒவ்வொரு வருஷமும் வரிசையாக எல்லாக் கணினிகளுக்கும் புது சிஸ்டம் போடுவது அவள் வேலை. ஆனால் அப்பாவுக்கான உலையை நானே சரிசெய்து கொடுக்க வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தம்பி அழுதிருப்பான். காலையிலிருந்து அவன் அதற்குத்தான் காரணம் தேடிக்கொண்டிருந்தான்.

வழக்கமாகப் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாள். எந்த டிரைவில் இருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசை சரியாகவே இருந்தது. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். பிறகு சிடியை எடுத்துப்போய்ப் பக்கத்து மேசையில் ரசீது போடும் கணினியில் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் உட்கார்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பிரித்து எழுதியிருக்க வேண்டியதை யாரோ அப்படியே மொத்தமாகத் தூக்கிச் சிடியில் போட்டிருக்கிறார்கள், மாவைப் பிசையாமல் பாக்கெட்டோடு அடுப்பில் வைத்த மாதிரி. அலமாரியில் வெற்றுச் சிடிகள் இருந்தன. ஒன்றை எடுத்து முறையாக எழுதினால் வேலை முடிந்தது.

"என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"பாக்கணும்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. சரிசெய்துவிட்டால் அடுத்த நிமிஷம் அப்பா இல்லை. செய்யாதவரை அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறார். ஆஸ்பத்திரி, வண்டி, கையெழுத்து என்று ஆளாளுக்கு அவளை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும் அதிகாரம் இந்த அழுக்கு மேசையில்தான் அவள் கைக்கு வந்திருந்தது. அவள் அதை விடுவதாக இல்லை.

தவறான சிடியையே மறுபடி போட்டாள்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் சாவி குலுங்கியது.

அப்பா காத்திருக்கத் தெரியாத மனிதர். எங்கே கிளம்பினாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி முதல் ஆளாக வாசலில் நிற்பார். அவர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது ரயிலைக் கழுவிக்கூட முடித்திருக்க மாட்டார்கள். நிற்கிற நேரமெல்லாம் பேண்ட் பைக்குள் கையை விட்டு வண்டிச் சாவியைக் குலுக்கிக்கொண்டே இருப்பார். நடுநடுவே "ஆச்சா?" என்பார். அவள் வீட்டில் ஏதாவது கணினியைப் பிரித்து வைத்திருந்தாலும் இதே கதைதான். நாற்காலிக்குப் பின்னால் சாவிச் சத்தம், ஒரு ஆச்சா.

அவள் திரும்பிப் பார்த்தாள். உலைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்ககிட்ட சாவி ஏதாவது இருக்கா?"

"சாவியா? இங்க எதுக்கும்மா பூட்டு? யாரு வந்து தூக்கிட்டுப் போகப் போறா?"

அப்பாவின் சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது. கைப்பை வெளியே, பூட்டிய காருக்குள் இருந்தது. சிடியை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள், துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லாதபோதும். கேபிளை மறுபடி பிடுங்கிச் சொருகினாள். சாவி வேகமாகக் குலுங்கியது. பொறுமை போகப் போக அவர் அப்படித்தான் குலுக்குவார்.

தம்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வேற எங்கயாவது ஃபோன் பண்ணிப் பாக்கட்டுமா?"

"வேணாம். கொஞ்சம் இரு."

"நீ வந்து கொஞ்ச நேரம் உக்காரேன். அப்பா பக்கத்துல நீ வரவே இல்லக்கா."

"அப்புறம் இத யாரு பாக்கறது?"

அவன் கூடத்துக்குத் திரும்பிப் போனான்.

அவன் போன வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அடுத்த முறைக்காகக் காத்திருப்பவர், மனைவியைக் கொண்டு வந்தவர். சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன.

"நீங்கதான் சரி பண்றீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா. கொஞ்சம் லேட்டாகும்."

"ஆகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." உலைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிட வாய்ப்பிருக்கா?"

"எதுக்குங்கய்யா?"

"முடியாதுன்னா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்கறேன். படுக்கைய இன்னும் எடுக்கல. விரிச்சபடியேதான் இருக்கு."

கூட்டுக் களவாணியிடம் பேசுகிறவர் போல அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, அந்த யோசனை தனக்கும் நியாயமாகப் பட்டதுதான் அதிகப் பயமாக இருந்தது. கணினி கெட்டுக்கிடக்க, வீடுகளில் படுக்கைகளை விரித்து வைத்து, இப்படியே எத்தனை பேர் எத்தனை நாளைக்கு?

பின்னால் சாவி விடாமல் குலுங்கியது. ஆச்சாம்மா?

"இல்லைங்கய்யா. இன்னிக்கே முடிஞ்சிடும்" என்றாள்.

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு வெற்றுச் சிடியை எடுத்தாள். பக்கத்துக் கணினியில் அந்தக் கோப்பை, இம்முறை எழுத வேண்டிய விதத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் தட்டு வெளியே வந்தது. சிடி வெதுவெதுப்பாக இருந்தது.

உலைக் கணினி அதை வாங்கிக்கொண்டது. டிரைவ் இந்த முறை மூச்சை விடவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் புது வரி வந்தது. சிடியிலிருந்து கிளம்ப ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து. வரியின் கடைசியில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவை தீருவதற்குள் அழுத்த வேண்டும்.

அழுத்தினாள்.

சாவிச் சத்தம் நின்றது. வெளியே போனதா, பைக்குள்ளேயே அடங்கியதா, தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புது சிஸ்டம் தன்பாட்டுக்கு ஏறி முடிந்து, உலையின் புரோகிராம் திரையில் விரியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைராசிம்மா உங்களுக்கு" என்று உலைக்காரர் நாற்காலிக்கு வந்தார். "இனிமே நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. "உடனே உள்ள கொண்டு போயிடுவீங்களா?"

"உடனேவா? காலையிலேர்ந்து உலை ஆறிக் கெடக்குதும்மா. சூடேற ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையேம்மா."

கேட்கவில்லைதான். பொய் சொல்லிச் சம்பாதிக்காமலேயே அவளுக்கென்று இரண்டு மணி நேரம் இங்கே இருந்திருக்கிறது. அப்பாவைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்த நேரமெல்லாம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

பெரியவர் தன் மனைவியின் பெட்டிமேல் கையை வைத்தபடி எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்கய்யா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அப்பாவின் நெற்றியில் கற்றையாக விழுந்திருந்த முடியை அவள் ஒதுக்கிவிட்டாள். நெற்றி அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்றான் தம்பி.

"இருக்கு."

சுவருக்குப் பின்னால் ஏதோ மோட்டார் ஓட ஆரம்பித்தது. பெஞ்சு மிக லேசாக அதிர்ந்தது. தம்பி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவள் சுவரில் சாய்ந்தாள். சுண்ணாம்பு முதலில் சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சில்லிப்பு போய்விட்டது. பிறகு முதுகில் இளஞ்சூடு படர்ந்தது, வெயில் பட்ட சுவரில் சாய்ந்திருப்பது போல. தம்பி தூங்கிவிட்டான். சூடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை.