உங்களிடம் ஒட்டகம் எத்தனை?

கலியாணமாகி மலாக்காவுக்கு வந்து இறங்கிய நாள் முதல் யோகம், புருஷனின் அக்காவான மச்சாள் மனோரஞ்சிதத்தின் குசினியில்தான் சமைத்தாள். சமைத்தாள் என்பதே பெரிய வார்த்தை. தேங்காய் துருவினாள், வெங்காயம் உரித்தாள், சட்டி கழுவினாள். கறித்தூள் வைத்த அலுமாரிக்குப் பூட்டு உண்டு, அதன் திறப்பு மச்சாளின் இடுப்பில். குழம்பில் உப்புக் கூடினால் அது யோகம் போட்டது. சரியாக இருந்தால் மச்சாள் போட்டது.

யோகத்தின் புருஷன் இராஜரட்ணம் அரசாங்க ஆபீசில் கிராணி. தங்கமான மனிதர்தான், ஆனால் அக்காவின் முன்னால் வாய் திறக்க மாட்டார். வாடகைக்கு வீடு கிடைத்தால் தனிக்குடித்தனம் போகலாம் என்று யோகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வீடு கிடைக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் செங் என்ற கிராமத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாகச் செய்தி வந்தது. பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் கிணறு, குசினி தனியாக. குசினி தனியாக என்று கேட்டதிலிருந்து யோகத்துக்கு இரவில் தூக்கமில்லை. சொந்தக்காரர் துவான் சையத் உமர் என்ற பெரியவர், பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். வீடு கேட்டுப் போனவர்களையெல்லாம் கோப்பி கொடுத்து, சுகம் விசாரித்து, வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். கிராணிமாருக்கு வீடு கொடுத்தால் மாற்றலாகிப் போகும்போது கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றிக்கொண்டு போவார்கள் என்பது அவர் கட்சி.

வழி சொன்னவர் மளிகைக்கடைப் பிச்சைமுத்து.

"அவரு அரபுக்காரரு, கிராணி ஐயா. இந்த ஊர்ல அவருகிட்ட அரபு பேசுறதுக்கு ஒரு ஆள் இல்ல. நீங்க அவரு பாஷையில போயி கேட்டுப் பாருங்க-லா. மனுசன் உருகிட மாட்டாரு?"

சொன்னதோடு நிற்காமல், பொட்டலம் மடிக்க வாங்கிப் போட்டிருந்த பழைய காகிதக் குவியலிலிருந்து ஒரு புத்தகத்தையும் உருவிக் கொடுத்தார். மகா யுத்தத்தில் மெசப்பொத்தேமியாவுக்குப் போன வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காக அச்சடித்த அரபுப் புத்தகம். அரபு வசனங்கள் இங்கிலீஷ் எழுத்தில், எதிரே அர்த்தம். முன்பாதி அப்படியே இருந்தது. வீடு, வாடகை, கடைத்தெரு பற்றிய பின்பாதிப் பாடங்கள் ஏற்கெனவே மிளகும் சீரகமுமாக ஊருக்குள் போய்விட்டிருந்தன.

இராஜரட்ணத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. புத்தகம் என்று ஒன்று கையில் கிடைத்தால் முதல் வரியில் தொடங்கி இருக்கிற வரி வரை மனப்பாடம் செய்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் சோதனை பாஸ் பண்ணியது அப்படித்தான், மலாயாவில் உத்தியோகம் எடுத்ததும் அப்படித்தான். கிணற்றடியில் அரபு, சைக்கிளில் அரபு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரபு.

"தம்பிக்கு என்னடி, சன்னி கண்டிட்டுதோ?" என்று மச்சாள் கவலைப்பட்டாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த யோகம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டாள். அதில் ஒரு சங்கடம். மனுஷனுக்கு வரிசையாகத்தான் வரும். நடுவில் ஒரு வசனத்தைக் கேட்டால் முழிப்பார். மறுபடி முதலிலிருந்து ஓடி வந்துதான் அதைப் பிடிப்பார்.

"இஞ்சேருங்கோ, இதிலை வீடு எண்டு ஒரு சொல்லும் இல்லையே! ஒட்டகமும் துவக்குச் சண்டையுமாத்தானே கிடக்குது?"

"முதல்லை அந்தாளின்ரை மனசைக் குளிர வைப்பம், யோகம். பிறகு வீட்டை மலாயிலை கேட்டாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் செங்குக்குப் போனார்கள். துவான் சையத் உமர் விறாந்தையில் வெள்ளைத் தலைப்பாகையோடு வீற்றிருந்தார். சுற்றிவரக் கிராமத்து மலாய்க்காரர்கள் பாயில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இராஜரட்ணம் சலாம் சொன்னார். பெரியவர் பதில் சலாம் சொல்லி, உட்காரக் கை காட்டினார். யோகம் படியருகே குடையோடு நின்றாள்.

இராஜரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகம் விசாரிக்கும் வரியிலிருந்து தொடங்கினார்.

"மர்ஹபா. கைஃப ஹாலக்?"

ஒருவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எத்தனையோ காலமாகத் துவான் அரபு பேசிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்த சனம் அது. எல்லா முகங்களும் பெரியவர் பக்கம் திரும்பின.

"நஅம்" என்றார் பெரியவர். ஆம் என்று அர்த்தம்.

"கம் ஜமல் இன்தகும்?"

"நஅம்."

யோகத்துக்குச் சுருக்கென்றது. அந்த வரி அவளுக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் ஒட்டகம் எத்தனை? இதற்கு ஒன்று என்று சொல்லலாம், இரண்டு என்று சொல்லலாம், செங்கில் ஏதையா ஒட்டகம் என்று சிரிக்கலாம். ஆம் என்று எவன் சொல்வான்?

"லா தகஃப்" என்றார் இராஜரட்ணம் உற்சாகமாக. பயப்படாதே.

"நஅம், நஅம்" என்றார் பெரியவர். தலைப்பாகைக்குக் கீழே வியர்வை அரும்பியிருந்தது.

"ஸல்லிம் ஸிலாஹக்!"

ஆயுதத்தைக் கீழே போடு. அதற்கும் ஒரு நஅம். பாயில் இருந்தவர்கள் பெருமை தாங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரின் கண்ணில் இருந்தது, பாடம் படிக்காமல் சோதனைக்கு வந்த பிள்ளையின் பயம். ஐயோ பாவம் என்று யோகத்தின் மனசு இளகிவிட்டது. மறுகணம் மச்சாளின் இடுப்புத் திறப்பு ஞாபகம் வந்தது. இளகின மனசு அப்படியே இறுகிக்கொண்டது.

இராஜரட்ணத்துக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் மறுபடி மர்ஹபாவிலிருந்து ஓடிவரத் தொடங்கினார். அவர் காதில் இனி இடி விழுந்தாலும் ஏறாது. யோகம் ஒரு படி மேலே ஏறி, எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் நன்றி சொன்னாள்.

"தெரிமா காசே, துவான். என் புருஷன் அரபியில் இந்தப் பக்கத்து வீட்டைக் கேட்டார். துவானும் மனம் கோணாமல் நஅம், நஅம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அதுவே போதும்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது விறாந்தை முழுக்க. ஒரு கிழவர் எழுந்து வந்து துவானின் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

பெரியவர் யோகத்தைப் பார்த்தார். யோகம் கண் இமைக்கவில்லை. இல்லையென்று சொல்ல வேண்டுமானால், கேட்டது புரியவில்லை என்றும் சொல்ல வேண்டும். பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளேயிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துவரச் சொன்னார்.

"பாத்தியே யோகம்?" என்றார் இராஜரட்ணம் திரும்பும் வழியில். உச்சி குளிர்ந்திருந்தது மனுஷனுக்கு. "மலாயிலை கேக்கவும் தேவைப்படேல்லை. நான் பேசினதிலையே அந்தாள் உருகிப்போச்சு."

"ஓமோம், உருகித்தான் போச்சு" என்றாள் யோகம்.

தன் அடுப்பில் முதன்முதலாக மீன்குழம்பு கொதித்தபோது யோகத்துக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. உப்புக் கூடித்தான் போயிற்று. ஆனால் அது அவள் போட்ட உப்பு. வீட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், ஒரு பின்னேரம் துவான் சையத் உமர் கிணற்றடி வழியாக வந்து குசினி வாசலில் நின்றார். தலைப்பாகை இல்லை, கூட ஆள் இல்லை. இராஜரட்ணம் ஓடிவந்து மேசையருகே கதிரை போட்டார். பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்ல மலாயில் பேசினார்.

"கிராணி, ஒரு விஷயம். என் பாட்டனார் அரபு தேசத்திலிருந்து கப்பலில் வந்தவர். அவர் அரபு பேசினார். என் அப்பாவுக்குக் கேட்டால் விளங்கும். எனக்கு ஓதத் தெரியும், தொழத் தெரியும். பேசத் தெரியாது-லா. ஊர்க்காரர்கள் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது, அதனால் இல்லையென்று சொல்லவில்லை. இந்த வயதில் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது."

பெரியவர் கதிரையை இராஜரட்ணத்தின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதனால் நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். அன்றைக்கு வீடு கேட்டாயே, அந்த வசனத்திலிருந்து தொடங்கு. என்ன கேட்டதற்கு வீட்டைக் கொடுத்தேன் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டாமா?"

"வீடா?" என்றார் இராஜரட்ணம், சூதுவாது தெரியாத மனுஷன். "நான் வீடு கேட்கவில்லையே, துவான்! அந்தப் பாடம் மிளகுப் பொட்டலமாகப் போய்விட்டதே."

இரண்டு ஆண்களும் யோகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெட்கத்தை விட்டு உண்மை சொன்ன மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. அடுப்பை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"ஒட்டகம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார், துவான். பயப்படாதே என்று சொன்னார். கடைசியில்..."

"கடைசியில்?"

"ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னார்."

பெரியவர் திறப்பைப் பார்த்தார், யோகத்தைப் பார்த்தார். முதலில் அவர் தாடி அசைந்தது, பிறகு வயிறு குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறப்பை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

"நான்தான் அன்றைக்கே போட்டுவிட்டேனே-லா!"