மூன்று எண்ணும் வரை

கண்ணாடியில் படிந்திருந்த பனி வழியத் தொடங்கியதும் சொர்ணலதா ஐஸ் பெட்டியில் காதை வைத்தாள். மோட்டார் ஓடவில்லை. உள்ளே அவள் வீட்டுக்காரர் ஆறுமுகசாமி. நேற்று மத்தியானம் கட்டட வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மகள் மோகனப்ரியா மஸ்கட்டிலிருந்து நாளைக் காலைதான் வந்து சேருவாள்.

பெட்டிக்காரருக்குப் போன் போட்ட கொழுந்தன் ரத்தினசாமி உதட்டைப் பிதுக்கினார். "வேற பெட்டி ராத்திரிதான் வருமாமுங்க அண்ணி. சாயங்காலமே எடுத்துர்லாமுங்க. வெயிலு வேற."

"புள்ள வரட்டும்."

"போன்ல காட்டிக்கலாமுங்க..."

"பெத்த அப்பன் மூஞ்சிய போன்லயா பாப்பா? ப்ளக்கைப் புடுங்குங்க தம்பி. ஸ்க்ரூ டிரைவர் எடுங்க."

நஞ்சன்கூடு கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை. பின்தகட்டைக் கழற்றியதும் பழுது கண்ணில் பட்டுவிட்டது. ஒயர் போர்டில் சேரும் இடத்தில் வெள்ளீயம் மங்கிப்போய், சுற்றிலும் மயிரிழை விரிசல்.

"பேடா லதா, வேண்டாம்! எழவு வீட்ல பொண்டாட்டிக்காரியே இதெல்லாம் செஞ்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றாள் பக்கத்து வீட்டு ராமக்காள்.

"பேசட்டும்."

அலமாரியில் அவளுடைய சால்டரிங் ராடு இருந்தது. "ஊட்டுக்கு ஒரு கரண்டி, வேலைக்கு ஒரு கரண்டியா உனக்கு?" என்று கேலி பண்ணிக்கொண்டே தேவராஜ மார்க்கெட் பக்கம் அவர் வாங்கித் தந்தது.

பழையதை உருக்கி எடுத்துவிட்டு, புது வெள்ளீயக் கம்பியை வைத்தாள். வெள்ளீயம் சட்டென்று உருகிவிடும். ஆனால் செம்பும் கூடவே சுடவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின மாதிரி உட்கார்ந்து ஏமாற்றும். இறுகும்போது கை அசைந்தாலோ, மறுபடியும் விரிசல்தான். "ராட எடுத்ததும் மூணு எண்ணு, மூச்சு விடாத" என்று வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள் அவள்.

நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது பார்த்து முட்டிக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன அழுகைக்கு நேரம் காலம் கிடையாதா? பல்லைக் கடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ப்ளக்கை மாட்டியதும் மோட்டார் உறுமியது. ராமக்காள் கண்ணாடியில் வழிந்த நீரைத் துடைத்துவிட்டாள்.

காலையில் வந்த மோகனப்ரியா, மூடியைத் திறக்கச் சொல்லி அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். "ஜில்லுன்னு இருக்காரும்மா" என்று கதறினாள்.

"ஆமா கண்ணு."

எடுக்கும் நேரம் வந்தது. ரத்தினசாமி ஸ்விட்ச் பக்கம் போனார்.

"விடுங்க தம்பி, நான் அமத்தறேன்."

மோட்டார் நின்றது. ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் அவள் மனதுக்குள் எண்ணினாள். மூன்றில் நிறுத்த முடியவில்லை.