பொட்டு வைத்த டிரெய்லர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சத்தியசீலன் ஒரு கேம்பிங் டிரெய்லர் வாங்கினார். பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய், ஒரு மேசை, அதைச் சுற்றி இருக்கை எல்லாம் உண்டு. வெள்ளை உடம்பு, இடுப்பில் நீலக் கோடு. சிலாங்கூர் மாநிலத்துப் புக்கிட் பெருந்துங்கில் அவர் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று, அவர் கற்பூரம் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரையும் உள்ளே ஏற்றி இறக்கினார்.

"எப்படி லா இருக்கு?" என்று கேட்பார். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் "மொத தரமான சாமான்!" என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

அவர் மனைவி திலகம் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டே இருந்தாள். ரவாங்கில் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பேர் பதிகிற வேலை அவளுக்கு. எத்தனையோ முகங்களைப் பார்த்தவள். ஆனால் வீட்டுக்காரர் முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. அதனால் அலுத்துக்கொள்ளாமல் அடுத்த டீயைக் கலக்கினாள்.

முதல் பயணம் அம்பாங் பெச்சா ஆற்றங்கரைக்கு. வழியில் இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் டிரெய்லரில் வலது பக்க விளக்கு கண்ணடித்தது. பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்துவிட்டான்.

"ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் லைசன்ஸ் குடுத்துடறாங்க" என்றார் சத்தியசீலன்.

போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால், மேல் அலமாரி வாயைப் பிளந்து, அரிசியும் சீனியும் தரையில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பாயசத்துக்குப் பால்தான் பாக்கி. குழாயைத் திறந்தால் விளக்கு அணைந்தது. குழாயை மூடினால் விளக்கு எரிந்தது.

"தண்ணியும் கரண்டும் மிச்சம் பாரு!" என்றார் அவர்.

சாயங்காலம் மழை பிடித்தது. கூரையில் எங்கெங்கோ ஒழுக இடம் இருக்க, சரியாகத் திலகத்தின் தலையணைக்கு மேலே ஒழுகியது. சத்தியசீலன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீதான் அந்தப் பக்கம் வேணும்னு கேட்ட" என்றார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல மறுநாள் காலையில் வெளியே போக அவள் கதவைத் தள்ளினாள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் திலகம் சன்னல் வழியாக இறங்க வேண்டியதாயிற்று. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க் குடும்பம் குளிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் ஒரு காலை வெளியே போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து சத்தியசீலன் பதறினார்.

"மெதுவா, மெதுவா! சன்னல்ல கீறல் விழுந்துடப் போகுது!"

தரையில் கால் பட்டதும் அவள் சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு சொன்னாள், "அந்த வாசுவுக்கு போன் போடுங்க."

வாசு, கோல சிலாங்கூர் போகிற சாலையோரத்தில் கொட்டகை போட்டு டிரெய்லர் கட்டி விற்கிறவர். இந்த வண்டியைக் கட்டியவரும் அவர்தான்.

"எதுக்கு? புது வண்டி. கொஞ்ச நாள் பழகணும்" என்றார் சத்தியசீலன்.

திலகத்துக்கு இதுதான் விளங்கவில்லை. மனிதர் தொழிற்சாலையில் பார்த்த வேலை என்ன? தரம் பார்ப்பது. கியூசி. மின்விசிறி இறக்கையில் தலைமுடி கனத்துக்குக் கோடு இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைத்துவிடுவார். கடையில் குடை வாங்கினாலும் விரித்து மடக்கி, மறுபடி விரித்துப் பார்ப்பார். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்று மாமனாரிடமே சொன்ன ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது தலையில் தண்ணீர் சொட்டினாலும் தெரியவில்லை.

அடுத்த வாரம் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கெர்லிங்கில் இருக்கிற தன் அக்கா நல்லம்மாளிடம் காட்டப் போனார். நல்லம்மாள் உள்ளே ஏறி மூக்கைச் சுருக்கினாள்.

"ஏன்டா தம்பி, புது வண்டின்ன. ஒரே பசை வாடையா அடிக்குது?"

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும் க்கா" என்று சொல்லிவிட்டு அவர் திலகத்தின் பக்கம் திரும்பாமல் இறங்கிப் போனார்.

அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று திலகத்துக்குத் தெரியும். விடிந்தும் விடியாததுமாக அவர் ஏணி போட்டு ஏறி, யாரும் பார்க்காமல் கூரையில் சிலிக்கோன் பசை பூசுவதைச் சமையலறை சன்னல் வழியாக அவள் பார்த்திருக்கிறாள். கைப்பிடியையும் பசை போட்டுத்தான் ஒட்டி வைத்திருந்தார். இரண்டும் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். கிளினிக்கிலும் சில பேர் இப்படி வருவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா வைட்டமின் வாங்க வந்தேன்" என்பார்கள். அவர்களிடம் வாதாடக் கூடாது. நாற்காலியைக் காட்டி உட்கார வைத்துவிட்டால் போதும், மற்றது தானாக வெளியே வரும்.

அவளே வாசுவுக்கு போன் செய்து, கூரை ஒழுகுவதைச் சொன்னாள்.

"அக்கா, அது செட்டாகணும் க்கா. ரெண்டு வெயில் பட்டா சரியாயிடும்" என்றார் வாசு.

"சரி தம்பி. நாங்க ஞாயித்துக்கிழம உங்க பக்கம்தான் வர்றோம், கடலோரத்துல. நண்டு சமைக்கறேன். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு மத்தியானம் சாப்பிட வாங்களேன்."

இன்னும் புகார் வரும் என்று தயாராக இருந்த வாசு, நண்டு வருவதைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "சரி க்கா!" என்றார் குஷியாக.

சத்தியசீலனுக்கும் தலைகால் புரியவில்லை. நல்ல வண்டி கட்டிக் கொடுத்தவருக்கு மரியாதை செய்யத் திலகத்துக்கே தோன்றிவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசு வந்தார். ஆள் நல்ல பருமன், சட்டை பட்டன்கள் வயிற்றோடு மல்லுக்கு நின்றன. கூடவே அவர் மனைவி மாலா, மெலிந்த, கூர்மையான கண்களுள்ள பெண். திலகம் வாசுவை எங்கே உட்கார வைக்க வேண்டுமோ அங்கே, கட்டிலில் தன் தலையணைப் பக்கமாக, உட்கார வைத்தாள். வானம் காலையிலிருந்தே இருண்டுகொண்டு வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் வெளியே பாய் விரிக்காமல் உள்ளேயே இலை போட்டிருந்தாள்.

முதல் நண்டின் காலை வாசு உடைத்தபோது மழை இறங்கியது. இரண்டாவது காலை உறிஞ்சும்போது அவர் நடுமண்டையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டார். அடுத்த சொட்டு காது ஓரமாக வழிந்தது. மாலா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் புருஷன் தலையைப் பார்த்தாள்.

"கறி காரமோ தம்பி? வேர்க்குதே" என்றாள் திலகம்.

சத்தியசீலன் அவசரமாக, "காத்தோட்டத்துக்கு மேல கொஞ்சம் இடம் விட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தார்.

"நான் போயி குடை எடுத்துட்டு வந்துடறேன்" என்று வாசு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் குளம்.

மாலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வாசுவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"அண்ணே, இது நார்மல் லா! நம்ம ஊரு மழைக்கு எந்த வண்டின்னாலும் ஒரு சொட்டு வரும். எந்த ஃபேக்டரி கியூசி வந்து பாத்தாலும் இதுக்கு பாஸ் போட்டுருவான்!"

திலகம் நண்டை வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

சத்தியசீலன் முகத்திலிருந்த விருந்தோம்பல் மெல்ல மெல்ல வடிந்தது. "பாஸா?" என்றார். சத்தம் போடாமல்தான் கேட்டார். "யாரு பாஸ் போடுவா? இதுக்கா?"

எழுந்து போய்க் கையைக் கழுவினார். விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் நின்றபடியே, "திலகம், டார்ச் லைட்டு குடு. ஸ்டிக்கர் ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"இங்க ஏதுங்க ஸ்டிக்கர்? பொட்டுதான் இருக்கு" என்று அவள் கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கூரை ஒழுகிய இடத்தில் ஒரு பொட்டு. கதவில் ஒன்று. குழாயில், விளக்கில், வாயைப் பிளக்கிற அலமாரியில். பிறகு திலகத்துக்கே தெரியாத இடங்களுக்குப் போனார். மேசையின் அடியில் மண்டியிட்டுத் திருகாணி இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்தார். கட்டில் பலகையைத் தூக்கி, ஈரத்தில் ஊறிப்போன ஒட்டுப்பலகையை விரலால் அமுக்கிக் காட்டினார். அடுப்புக்குப் போகிற கேஸ் குழாயை மோந்து பார்த்துவிட்டு, அங்கே மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வாசுவைக் கூப்பிட்டார்.

"வா, வந்து பாரு. பாஸா?"

"இல்லண்ணே" என்றார் வாசு.

"இது?"

"இல்லண்ணே."

அட்டை தீர்ந்துவிட்டது. மாலா தன் பையைத் திறந்தாள். "எங்கிட்டயும் இருக்குண்ணே. பச்சை கலரு, பரவாயில்லையா?"

"மாலா!" என்றார் வாசு பரிதாபமாக.

"நான் வேணும்னா சன்னல் வழியா எறங்கிப் போயி வெளியேருந்து கதவைப் பேத்து விடறேன்" என்றாள் மாலா. "ஆனா மழை விடட்டும். அண்ணனும் முடிக்கட்டும்."

மழை விட்டபோது டிரெய்லரின் உட்புறம் அம்மை போட்டதுபோல் இருந்தது. மாலா சொன்னபடியே இறங்கிப் போய், ஒரு ஸ்குரு டிரைவரால் கதவை நெம்பித் திறந்தாள். வாசு வெளியே வந்து, ஈரச் சட்டையோடு நின்று, "அண்ணே, வண்டிய விட்டுட்டுப் போங்க. அத்தனையும் பிரிச்சுச் செஞ்சு தர்றேன்" என்றார். குரலில் பழைய சவடால் இல்லை. திலகத்துக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மிச்சமிருந்த நண்டை வீட்டுக்கு எடுத்துப்போகத் தாப்பாவ் கட்டிக் கொடுத்தாள்.

டிரெய்லரைக் கொட்டகையில் விட்டுவிட்டு இருவரும் வெறும் பிக்கப்பில் திரும்பினார்கள். இருபுறமும் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டிக்கொண்டே அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"எடுக்கப் போன அன்னிக்கே கூரை மூலையில கோணல் இருந்துச்சு. பாத்தேன்."

"அப்புறம் ஏங்க வாயைத் தெறக்கல?"

"இத்தன வருசமா குறை பாத்தே பொழப்பு ஓடிருச்சு, திலகம். கேன்டீன்ல யாரும் எம்பக்கத்துல ஒக்கார மாட்டானுங்க தெரியுமா? ஒரே ஒரு சாமானாச்சும் எனக்குன்னு குறையில்லாம கெடைச்சிருக்குன்னு நெனைக்கணும்போல இருந்துச்சு. எல்லாருகிட்டயும் மொத தரம்னு சொல்லிட்டு வேற வந்துட்டேன்."

கேலி செய்ய அவளிடம் நிறைய இருந்தது. சன்னலில் தொங்கவிட்ட கணக்கு ஒன்றே ஆயுசுக்கும் போதும். அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த ஒரு பச்சைப் பொட்டைக் கிள்ளி எடுத்து வெளியே போட்டாள்.

"குறையைப் பாக்கறது தப்பில்ல. குறைக்குக் கீழ என் தலைகாணிய வச்சதுதான் தப்பு."

அவர் சிரித்தார். அடுத்த முனையில் இடது சிக்னல் போட்டபோது, பின்னால் டிரெய்லர் இல்லாததால் சரியாக இடதே எரிந்தது.

அதற்குப் பிறகு சத்தியசீலன் தினமும் காலையில் சாப்பாட்டுக் கேரியரோடு வாசுவின் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். ஒரு நாள் வாசு கிளினிக்குக்கே போன் செய்தார்.

"அக்கா, அண்ணனை ஒரு ரெண்டு நாளு வீட்டுல வச்சுக்குங்களேன். அடுத்த ஆளோட வண்டியிலயும் பொட்டு வைக்கறாரு."

"மாலா என்னா சொல்றாங்க?"

"அவதான் க்கா அட்டை அட்டையா வாங்கிக் குடுக்கறா!" என்று புலம்பினார் வாசு.

வண்டி ஒருவழியாகக் கைக்கு வந்தது. செகிஞ்சான் வயற்காட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மத்தியானம் பெய்த மழையில் கூரை ஒரு சொட்டுகூட விடவில்லை. கதவு திறந்தது, மூடியது. குழாயும் விளக்கும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் திலகம் உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கூடாரத்து மலாய்ப் பெரியவர் வந்து, வண்டி அழகாக இருக்கிறதே, இதுபோல ஒன்று வாங்கலாமா என்று கேட்டார்.

சத்தியசீலன் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கூரைக் கோணலில் ஆரம்பித்து, கேஸ் குழாய் வரைக்கும், ஒன்றுவிடாமல், கையைக் காட்டிக் காட்டி மலாயில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. பெரியவரின் முகம் இறங்கியது. கட்டில் பலகை ஊறிப்போன கட்டம் வந்தபோது பெரியவர் மெல்ல எழுந்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏங்க, வாங்கலாம்னு வந்த மனுசனை வெரட்டி விட்டுட்டீங்களே" என்றாள் திலகம், தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே. "பாவம் வாசு."

"வெரட்டறதா? இவ்ளோ சரி பண்ணின வண்டி இந்த சிலாங்கூர்லயே கெடையாதுன்னு இல்ல சொன்னேன்!"

தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், இன்னும் யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா என்று வரப்பைப் பார்த்துக்கொண்டே தோசையைப் பிய்த்தார்.