சீனி சுற்றிய கணக்கு

“பாட்டுப் புத்தகமுமோ? கணக்கு மட்டும் காணாதோ?” ஞானசேகரம் மாஸ்டர் சிரித்தார்.

ருவான்வெல்லைக் கடையின் திரைக்குப் பின்னால் நின்ற றுகையா விடவில்லை. “ரெண்டுந்தான் மாஸ்டர். எங்கட மகள் றஸ்மியா பெரியபுள்ளயானதோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டியாச்சி. ஊட்டுல நான்தான் படிச்சுக் குடுக்கிறன். எந்தப் புத்தகம் நல்லம்?”

“பொம்பிளைப் பிள்ளைக்குத் தையல் காணும். என்ரை மகள் மனோகரியெண்டால் யாழ்ப்பாணத்தில வீணையும் இங்கிலீசும் படிக்கிறாள்.”

மாஸ்டரே பழைய தாளாகக் கடைக்கு நிறுத்து விற்ற பள்ளிக் கணக்குப் புத்தகம் சாமான் சுற்றக் கிடந்தது. அதைத்தான் றஸ்மியா படித்து வந்தாள். அவளுடைய வாப்பா, கடைக்காரர் மக்கீன், அதில் ஒரு தாளைக் கிழித்து மாஸ்டருக்குச் சீனி சுற்றினார்.

றுகையா திரை இடுக்கால் அந்தத் தாளைப் பார்த்தாள்.

“மாஸ்டர், புள்ள இண்டைக்குச் செய்ய இருந்த கணக்கு அதிலதான் ஈக்கி. ஊட்டுக்குப் போய்ச் சீனியக் கொட்டிட்டு வாசிச்சுப் பாருங்க. எங்கட புள்ளைக்கு அது சரிவருமா, என்ன நெனக்கிறீங்க?”