ஒண்ணா, ரெண்டா?

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. சாதா லென்ஸ் போதும் என்று வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கேட்ட சாதா லென்ஸையே போட்டுக் காட்டி, ஒரு பெருமூச்சோடு அதைக் கழற்றுவார். காசே அந்தப் பெருமூச்சுக்குத்தான். "கண்ணு விஷயம் சார், அப்புறம் உங்க இஷ்டம்" என்பார். வந்தவர் தானாகவே விலை கூடினதைக் கேட்பார். இருபத்திரண்டு வருடமாக இப்படி அடுத்தவர் தலையில் கட்டியே குடும்பம் நடத்திய மனுஷன், கப்பல் டிக்கெட் விற்கும் பெண்ணிடம் மூன்றே நிமிடத்தில் விழுந்துவிட்டார்.

"ஜன்னல் வச்ச ரூமும் நல்ல ரூம்தான் சார்" என்றாள் அவள் போனில். பிறகு பெருமூச்சு விட்டாள். "ஸ்வீட்னா தனி பால்கனி. கட்டில்ல படுத்துக்கிட்டே கடல் பாக்கலாம். அப்புறம் உங்க இஷ்டம்."

அடிப்பாவி, என் பெருமூச்சை எங்கே கற்றாய் என்று கேட்க நா துடித்தது. கேட்கவில்லை. ஏனென்றால் கடல் அவருடைய ஆசை அல்ல, மனைவியின் ஆசை. கரையே தெரியாத நடுக்கடலை ஒரு தடவை பார்க்கணும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். "அடுத்த வருஷம்" என்று சொல்லிச் சொல்லியே இவர் இருபத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டார். இப்போதுதான் ஒரு வழியாக டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது. ஸ்வீட் என்றால் இன்னொரு மடங்கு. சேமிப்பைத் துடைத்துக் கொடுத்தால் கட்டலாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"ஸ்வீட் எடுக்கலாமான்னு பாக்கறேன்" என்றார் வீட்டில்.

"உங்களுக்கு இருக்கற சுகருக்கு ஸ்வீட் ஒண்ணுதான் குறைச்சல்."

"அய்ய, அது இல்லம்மா. கப்பல்ல பெரிய ரூமுக்கு ஸ்வீட்னு பேரு."

"பேருலயே ஆகாதுன்னு இருக்கே, விடுங்க."

விடுவாரா? போனில் இரண்டு படங்களைக் காட்டினார். "நல்லாப் பாரு. இது ஒண்ணு." தள்ளினார். "இது ரெண்டு. எது நல்லா இருக்கு?"

அவள் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"என்னது? ஒண்ணுல தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு ஜன்னல். ரெண்டுல சுவர் முழுக்கக் கண்ணாடி!"

"எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கு. சின்னதையே எடுங்க."

காத்திருந்து காத்திருந்து இவளுக்கு ஆசையே விட்டுப்போச்சு என்று அவருக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் கோபமாகவே தெரிந்தது. டீயைக் கப் நிரம்பி வழிய ஊற்றினாள், ஆத்திரம். மாடிப்படியில் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினாள், வீராப்பு. பட்டப்பகலில் பத்து மணிக்கு விளக்கைப் போட்டாள்; சந்தேகமே இல்லை, கரண்ட் பில்லில் பழி வாங்குகிறாள்! பெரிய துப்பறிவாளர் இவர்.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு வயதான தையல்காரர் வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார் கடைக்காரர். "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு தம்பி."

எந்த லென்ஸுக்கும் இதே பதில். டார்ச் அடித்துப் பார்த்தார். கருமணிக்குள் வெள்ளையாக மூட்டம். "புரை மாதிரி இருக்குங்க. டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரருக்குப் பொறி தட்டியது. ரெண்டும் ஒரே மாதிரி. எங்கேயோ கேட்ட பதில். எங்கேயோ என்ன, சொந்த வீட்டில்!

பட்டப்பகலில் கடையை மூடிவிட்டு டார்ச்சோடு வீட்டுக்கு ஓடினார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்து, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்தார். இரண்டிலும் மூட்டம்.

"நான் ஒரு முட்டாள்ம்மா" என்றார்.

"அது தெரிஞ்சதுதானே. இப்ப எதுக்கு டார்ச்சு?"

"புரைம்மா. ரெண்டு கண்ணுலயும். நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மூணு மாசம் முன்னாடி, மங்கலாத் தெரியுதுன்னு. நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டே, கண்ணாடியைத் துடைச்சுப் போடுன்னீங்க. துடைச்சுத் துடைச்சு அதுல இருந்த கோட்டிங்கே போயிடுச்சு."

ஊரெல்லாம் சேர்ந்து காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று மாலையே அந்தக் கப்பல் டிக்கெட் பெண்ணுக்குப் போன் செய்து ஜன்னல் ரூமைப் பதிவு செய்தார், மூன்று மாதம் தள்ளி. அவள் பெருமூச்சு விட்டாள். "நானும் அதே தொழில்தாம்மா" என்று வைத்துவிட்டார்.

சேமிப்பு ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொரு கண். எல்லாம் ஆறி, புதுக் கண்ணாடியும் போட்ட பிறகு ஒருநாள் மனைவி அவருடைய போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது ஒண்ணு." தள்ளினாள். "இது ரெண்டு. ரெண்டுல எவ்வளவு பெரிய பால்கனி! கடல் அப்படியே உள்ள வருது. இதை விட்டுட்டு யாராவது அந்தத் தபால் பெட்டியை எடுப்பாங்களா?"

பால்கனிப் பணம் முழுக்க அவள் கண்ணுக்குள் இருந்தது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. போனை வாங்கி, மூக்கிலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

"கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க" என்றாள்.